இன்னும் குளிர்காற்றுதான்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் ‘நானே சார்’ என்றுதான் சொல்வார்கள். குழாய் ஒழுகுகிறதே, ஆள் கூப்பிடட்டுமா என்றால், “எதுக்கு ஆளு? நானே பாத்துக்கிறேன்” என்பார். ஃபேன் சத்தம் போடுகிறதா? நானே. பல் ஆடுகிறதா? அதுவும் நானேதான். கடைவாய்ப் பல் ஒன்றைக் குறடு போட்டுத் தானே பிடுங்கிக்கொண்டு, முகம் பூசணிக்காயாக வீங்கிப்போய், கொளுத்துகிற வெயிலில் கழுத்தோடு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்வந்த மனிதர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்து வருவதுதான் உத்தியோகம். குறித்தோமா வந்தோமா என்று இருக்க அவரால் முடியாது. போன வீட்டில் கதவு கிறீச்சிட்டால் பையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவர் தானாக வெளியே வந்துவிடும். அவர் போன பிறகு அந்தக் கதவு கிறீச்சிடாது. மூடவும் மூடாது.

ஊரார் வீட்டுக்கே இவ்வளவு என்றால் சொந்த வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குளியலறை ஸ்விட்சைப் போட்டால் சமையலறை விளக்கு எரியும். சமையலறை ஸ்விட்ச் எதற்கு என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. முன்கதவைத் தூக்கித் தள்ள வேண்டும், பின்கதவை முழங்காலால் முட்ட வேண்டும். குழாயை மூடுகிற பக்கம் திருகினால் தண்ணீர் கொட்டும். வீட்டுக்கு யாராவது வந்து கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் முதலில் அவர்களுக்கு ஒரு பாடம் எடுக்க வேண்டியிருக்கும். இந்த வீட்டில் குடித்தனம் நடத்தியே அவர் மனைவிக்குக் கை பழகிவிட்டது. ஒருமுறை தங்கை வீட்டுக்குப் போனவள், ஒழுங்காகத் திறக்கிற கதவைப் பழக்கதோஷத்தில் தூக்கித் தள்ளி, கீலோடு பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் தையல்காரி. முன்னறையில் மிஷின் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பாள். தைக்கிற அறை என்றுதான் பெயர். துணி வெட்டுகிற மேசையில் பாதி நாள் அவருடைய பழைய காரின் உறுப்புகள் கிடக்கும். வெள்ளைத் துணியில் கிரீஸ் பட்டு எத்தனை சட்டை பாழானதோ. அவள் வாயைத் திறந்தால், “துடைச்சா போயிடும், நானே துடைச்சுத் தர்றேன்” என்பார். துடைத்ததும் கறை இரண்டு மடங்காகும்.

கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு நாள் குரலை உயர்த்தியதில்லை. குடி கிடையாது, ஊர்வம்பு கிடையாது. அவளோ மகளோ எதைக் கேட்டாலும் முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. தொல்லையே அதுதான். முடியாது என்று சொல்கிற புருஷனிடம் சண்டை போடலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறவரை என்ன செய்வது?

மகள் நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். கடற்கரை ஊர் ஒன்றில் பெரிய ஆஸ்பத்திரி. முதல் தடவை அங்கேதான் வேலை கிடைத்தது. “பஸ்ஸு ரயிலுன்னு அலையாத குட்டி, நானே கொண்டுபோய் விடுறேன்” என்றார் அப்பா. தூரப் பயணமாயிற்றே, எதற்கும் கிளட்சை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று முந்தின நாள் கழற்றினார். சேர வேண்டிய நாளில் கிளட்ச் மேசைமேல் இருந்தது. இரண்டாவது தடவை வேறொரு ஆஸ்பத்திரி. அன்றைக்கு வண்டி கிளம்பியது என்னவோ உண்மை. பாதி வழியில் நின்றது. பின்னால் வந்த வாடகை வண்டிக்காரர் ஏற்றிக்கொள்கிறேன் என்று தானாக வந்து கேட்டார். “பத்து நிமிஷம், நானே பாத்துடுவேன்” என்று அவரைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார் நானே சார். மகள் ரோட்டோரக் கல்லில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.  அந்த வேலையும் போயிற்று.

அதன் பிறகு மகள் வீட்டிலேயே இருந்தாள். அம்மாவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள், அப்பாவுக்கு டார்ச் பிடித்தாள். ஊசி போடப் படித்த கை இப்படியே டார்ச் பிடித்து ஓய்ந்துவிடுமோ என்று அம்மா நினைப்பாள். வீட்டில் இருக்கிற எல்லாக் கதவையும் போல இவள் வாழ்க்கையும் ஆகிவிடும், முட்டினால்தான் திறக்கும், பிறகு அதுவே பழகிவிடும் என்று பயந்தாள். தனக்கு அப்படித்தான் பழகியது.

முதலில் கூப்பிட்ட அந்தக் கடற்கரை ஆஸ்பத்திரியே மறுபடி கூப்பிட்டது. இந்தத் தடவை வராவிட்டால் இனிமேல் இல்லை என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்கள். நண்பகலுக்கு முன்னால் ரயில். அப்பா வழக்கம்போல, “ஸ்டேஷனுக்குத்தானே? நானே விடுறேன்” என்றார். அப்போது காரின் எஞ்சின் தலை தனியாக, உடம்பு தனியாகக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் தகடு புகைந்துபோய், அதை மாற்றுகிறேன் என்று பிரித்துப் போட்டிருந்தார்.

மகள் அம்மாவின் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“டாக்ஸி கூப்பிட்டுப் போயிடேன்” என்றாள் அம்மா.

“அப்பா முகத்தப் பாத்துட்டு என்னால டாக்ஸியில ஏற முடியாதும்மா. நான் எதுக்குடா இருக்கேன்னு ஒரு பார்வை பாப்பாரு பாரு, அப்படியே உக்காந்துடுவேன். எனக்கு என்னைப் பத்தித் தெரியும்.”

“அப்ப முகத்தப் பாக்காமப் போ.”

“எப்படிம்மா? வாசல்லயே நிக்கிறாரே.”

அம்மா துணியைத் திருப்பிப் போட்டு ஒரு ஓட்டு ஓட்டினாள். பிறகு மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “எல்லாத்தையும் மாட்டி முடிச்சதும் ஏர் எடுக்கணும்பாரு. அதுக்கு என்னைத்தான் கூப்பிடுவாரு. நான் வண்டிக்குள்ள போனதும் நீ பின்பக்கமா வந்து, ஓரமாப் போயிடு. டாக்ஸியை முனையில நிக்கச் சொல்லு.”

ஏர் எடுப்பது என்றால் என்ன என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எஞ்சினைப் பிரித்து மாட்டினால், தண்ணீர் ஓடவேண்டிய குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். அதை வெளியே எடுக்காமல் வண்டியை ஓட்டினால் எஞ்சின் கொதித்து, புதிதாகப் போட்ட தகடும் புகைந்துவிடும். அதற்காகக் காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, எஞ்சினை ஓடவிடுவார்கள். குழாயைப் பிசையப் பிசையக் காற்று குமிழியாக வெளியே வரும். தண்ணீர் மட்டம் இறங்க இறங்க மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்க வேண்டும், ஏனென்றால் கடைசிக் காற்று போய் ஒளிந்துகொள்ளும் மூலை அது. ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் வேலை பாக்கி. சூடாக வந்தால் முடிந்தது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ரேடியேட்டர் பக்கம், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் மிதித்துக்கொண்டு. தையல் மிஷின் மிதித்த கால் ஆடாது என்பதால் அந்த வேலை எப்போதும் அவளுக்குத்தான்.

புறப்படுகிற நாளன்று காலை பத்துப் பன்னிரண்டு செங்கல்லும் இரண்டு பலகையும் போட்டு முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தினார். வண்டியின் மூக்கு வீட்டைப் பார்த்து வானத்துக்கு எழும்பி நின்றது. வால் தெருக்கதவைப் பார்த்து இருந்தது. “ஏறி உக்காரு” என்றார். அவள் ஏறினாள், அவர் வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். டிரைவர் பக்கத்துக் கதவு அவர் கைபட்டதிலிருந்து உள்ளிருந்து திறக்காது. கண்ணாடியும் இறங்காது. அடுத்த பக்கத்துக் கண்ணாடி மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு இறங்கி நிற்கும், அதற்கு மேல் ஏறவும் செய்யாது.

பானட்டைத் தூக்கி நிறுத்தினார். அவர் முகம் மறைந்தது. தூக்கிய பானட்டின் அடிவிளிம்புக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தது, அதில் அவருடைய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

“ஸ்டார்ட் பண்ணு. ஹீட்டர் ஃபுல்லா? ஊதுறது ஃபுல்லா?”

“ரெண்டும் ஃபுல்லு.”

“நான் சொல்ற வரைக்கும் கால எடுக்கக் கூடாது.”

“என்னைக்கு எடுத்திருக்கேன்?”

எஞ்சின் இரண்டு தும்மல் தும்மி, பிறகு ஓடத் தொடங்கியது. முகத்தில் சில்லென்று காற்று வந்தது. அந்த வெயிலில் அது இதமாகக்கூட இருந்தது. மடியில் போனை வைத்துக்கொண்டாள். ரயில் புறப்பட்டதும் மகள் ஒரு வார்த்தை அனுப்புவதாகப் பேச்சு. அதுவரை இந்த மனிதரை அந்த ரேடியேட்டரின் முன்னால் நிறுத்திவைக்க வேண்டும். அதில் கஷ்டம் ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தாள். அவர் பத்து நிமிஷம் என்று ஆரம்பித்த எந்த வேலை பொழுது சாயாமல் முடிந்திருக்கிறது?

“காத்து எப்படி?”

“சில்லுனு வருது.”

“வரட்டும், வரட்டும். இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கோம். குமிழி சும்மா சோடா மாதிரி வருது பாரு!” குரலில் அவ்வளவு சந்தோஷம். “குட்டி! ரெடியா இரு, இதோ கிளம்பிடலாம்!” என்று வீட்டைப் பார்த்துக் கூவினார்.

“குளிக்கிறா” என்றாள் அவள்.

கைகள் குழாயைப் பிசைந்தன, தண்ணீர் ஊற்றின, மறுபடி பிசைந்தன. அவள் கண் மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியிலேயே இருந்தது. வண்டியின் பின்பக்கமும் தெருக்கதவும் அதில் தெரியும். ஸ்டேஷன் போக எவ்வளவு நேரம், சிக்னலில் நின்றால் எவ்வளவு என்று மனசு கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. டாஷ்போர்டில் ஒரு கடிகாரம் உண்டு. அவர் ரிப்பேர் செய்ததிலிருந்து அது யார் பேச்சையும் கேட்பதில்லை.

“சூடு காட்டுற முள்ளு எங்க நிக்குது?”

“நடுவுல.”

“அசையலயே?”

“அசையல.”

“அப்படிப் போடு!” என்றார். சற்று நேரத்தில் முன்னால் ரேடியேட்டர் ஃபேன் விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. “ஃபேன் வந்துடுச்சு! கீழ்க் குழாயும் சுடுது! குமிழி நின்னுடுச்சு!”

அதே நேரம் அவள் கையில் பட்ட காற்று மாறியது. முதலில் வெதுவெதுப்பு. அவள் நம்பாமல் விரலை விரித்துப் பிடித்துப் பார்த்தாள். நாலு மூச்சு விடுவதற்குள் அடுப்பு வாயில் கை வைத்ததுபோலச் சுட்டது. நல்ல சூடு, ஒரே சீரான சூடு. சந்தேகமே இல்லை. மனிதர் வேலையை முடித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு வேலையை, சொன்ன நேரத்துக்கு, சொன்ன மாதிரி முடித்துவிட்டார்.

அதே நேரம் கண்ணாடியில் மகள் தெரிந்தாள். பின்கதவு வழியாகச் சுற்றி வந்து, மதில் ஓரமாகப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“சூடா வருதா?” என்றார் அவர்.

 சூடாக வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூடியைப் போட்டு, செங்கல்லை உருவி, அவரே மகளை முன்சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோவார். நேரம் இருந்தது. போய்ச் சேரலாம். சேராமலும் போகலாம். இரண்டாவது தடவையும் வண்டி கிளம்பத்தானே செய்தது? பாதி வழியில் ஏதாவது சத்தம் கேட்டால் இவர் நிறுத்தாமல் இருப்பாரா? ஒன்றுமே கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று நிறுத்திப் பார்க்கிற ஆளாயிற்றே. மகள் கதவுக் கண்ணாடி அருகே வந்து குனிந்து அம்மாவைப் பார்த்தாள்.  அப்பாவின் சட்டை ஓரம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பார்வை அங்கே போய் நின்றது. இன்னும் கொஞ்சம் நின்றால் பெட்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

“என்ன, காதுல விழலயா? சூடா வருதா?”

“இல்லீங்க” என்றாள் அவள். “இன்னும் குளிர்காத்துதான்.”

மகளைப் பார்த்துத் தலையால் வாசலைக் காட்டினாள். மகள் போனாள். தெருக்கதவைத் தூக்கித்தான் திறக்க வேண்டும், தூக்கினால் அது ஊரைக் கூட்டும். அந்தச் சத்தம் கேட்காமலிருக்க அம்மா ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். எஞ்சின் அலறியது.

“ஏய், ஏன் ஏத்துற?”

“கால் வழுக்கிடுச்சு.”

“உனக்கா?” என்று கேட்டார். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் தெருக்கதவு சாத்தியிருந்தது. மகள் இல்லை.

பெற்றவளின் கடமை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த நிமிஷம் வண்டியை எடுத்துக்கொண்டு டாக்ஸியைத் துரத்துவார். முனையில் மறித்து, “குட்டி, வண்டி ரெடி, இறங்கு” என்பார். அவளும் இறங்கிவிடுவாள். போன் அதிர்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது.

ஹீட்டர் கொதித்தது. நெற்றியில் அரும்பிய வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் சூடாகிற வாடை தொண்டையை அடைத்தது. ஊதுவதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று கை போனது. சத்தம் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று திரும்பி வந்தது. கதவு திறக்காது, கண்ணாடி இறங்காது. அடுத்த பக்கக் கதவுக்குத் தாவலாம், தாவினால் கால் விட்டுப்போகும். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. ஒவ்வொன்றையும் அவர் நல்லெண்ணத்தோடுதான் ரிப்பேர் செய்திருந்தார்.

“இப்ப?”

“குளிர்காத்துதான்.”

 பானட்டுக்குப் பின்னால் அவர் தனக்குத்தானே பேசுகிற குரல் கேட்டது. “முள்ளு நடுவுல நிக்குது. ஃபேன் ரெண்டு தடவை ஓடி நின்னுடுச்சு. மேலயும் சுடுது, கீழயும் சுடுது. குமிழி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் சரியாத்தானே இருக்கு.” அப்புறம் ஒரு பெருமூச்சு. “உனக்குக் குளிர்ந்துதான் வருதுன்னா, நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்.”

 ஊரே வந்து சொன்னாலும் தன் கைவேலையில் குறை என்று ஒப்புக்கொள்ளாத மனிதர். குடம் குடமாக ஒழுகுகிற குழாயைக் காட்டினால்கூட, தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்பார். அவள் ஒரு வார்த்தை சொன்னதும், தன் கையில் சுடுகிற குழாயைவிட அதைத்தான் நம்பினார். அவளுடைய பேச்சுக்கு இந்த வீட்டில் இவ்வளவு மதிப்பு உண்டென்று அவளுக்கே இன்றுதான் தெரிந்தது.

“ஹீட்டருக்குப் போற குழாயில அடைச்சிருக்கும்” என்றார். “பின்னாடி இருக்கு, கை போகாது. இரு, பாக்கிறேன்.”

“வேணாங்க, சுடும்.”

“துணியச் சுத்திக்கிறேன்.”

இடைவெளியில் தெரிந்த கை, எஞ்சினின் பின்பக்கத்து இருட்டுக்குள் வளைந்து வளைந்து போனது. தோள்வரை உள்ளே விட்டிருக்க வேண்டும், மூச்சு முட்டுகிற சத்தம் கேட்டது. துணி சுற்றிய கைக்குக் குழாயின் சூடு தெரியவில்லை. துணி சுற்றாத முழங்கைக்குத் தெரிந்தது. “ஸ்ஸ்ஸா!” என்று உறிஞ்சிக்கொண்டு கையை வெடுக்கென்று இழுத்தார்.

“சுட்டுடுச்சா? என்னங்க? சுட்டுடுச்சா?”

“லேசா. நீ கால எடுக்காத.”

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. போனைப் பார்த்தாள். அது செத்த எலியாக மடியில் கிடந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேர்வையா அழுகையா என்று தெரியாமல் முகம் முழுக்க நனைந்தது. நான் பாவி, என்று நினைத்தாள். பாவியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், மகள் ரயில் ஏறட்டும்.

சுட்ட கையோடு அவர் மறுபடியும் உள்ளே கைவிட்டார். பிசைந்தார். “இப்ப?” என்றார். குளிர்காற்று என்றாள். பலகைக்கு அடியில் இன்னொரு செங்கல் வைத்து மூக்கை இன்னும் தூக்கினார். “இப்ப?” குளிர்காற்று. “குட்டி, இன்னும் அஞ்சு நிமிஷம்டா!” என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார். அந்தக் குரலில் இப்போது பழைய உற்சாகம் இல்லை, கெஞ்சல் இருந்தது. அவளுடைய வலதுகால் மரத்துப்போய், இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

போன் அதிர்ந்தது.

‘நகர்ந்துடுச்சும்மா’ என்று இருந்தது. இரண்டு தடவை படித்தாள்.

“என்னங்க” என்றாள். குரல் காய்ந்துபோய் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். “சூடா வருதுங்க.”

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“வந்துடுச்சு! பாத்தியா, வந்துடுச்சு! குட்டி, எடு பெட்டிய! இப்பக் கிளம்பினாப் பிடிச்சிடலாம்!” மூடியைத் திருகிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். முன்கதவைத் தூக்கித் தள்ளுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு அறையாகக் கூப்பிடுகிற குரல் கேட்டது. பிறகு பின்கதவை முட்டுகிற சத்தம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். இறங்க வேண்டுமென்றால் அவர் வந்துதான் திறக்க வேண்டும்.

மெதுவாக நடந்து வந்தார். கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அடிக்க, ஒரு அடி பின்னால் போனார். அவளைப் பார்த்தார். தலை முதல் கால் வரை, மழையில் நனைந்து வந்தவளாக உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து, காற்று வரும் ஓட்டையின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று விரலை எடுத்தார்.

“இவ்வளவு சூடு ஒரு நிமிஷத்துல வராது” என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எப்ப இருந்து?”

“ஃபேன் முதல் தடவை சுத்துச்சே. அப்ப இருந்து.”

“அவ?”

“ரயில் ஏறிட்டா. இப்பத்தான் கிளம்புச்சாம்.”

அவர் தெருக்கதவைப் பார்த்தார். சுட்ட முழங்கை சிவந்து கொப்புளமாக எழும்பியிருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. “ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. போக வேணாம்னா சொல்லப்போறேன்?”

“நீங்க வேணாம்னு சொன்னதே இல்லீங்க. சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டாவது எப்பவோ போயிருப்பா.”

அவர் திரும்பி, செங்கல்மேல் நின்ற முன்சக்கரத்தைப் பார்த்தார்.  

“அப்ப, நேரம் இருந்துச்சு” என்றார் கடைசியில்.

“இருந்துச்சு.”

“நான் முடிச்சப்ப நேரம் இருந்துச்சு.”

“நிறைய இருந்துச்சுங்க.”

அவள் இறங்குவதற்காகக் காலை வெளியே வைத்தாள். மரத்த கால் மடங்கியது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல், முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “உக்காரு. இன்னொரு தரம் பாத்துடலாம்.”

“எதுக்குங்க இப்ப?”

“உக்காரேன்.”

அவள் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார். முன்னால் போய், தூக்கியபடியே நின்ற பானட்டுக்குப் பின்னால் மறைந்தார். அவள் ஸ்டார்ட் பண்ணி, மரத்த காலைக் கையால் தூக்கி ஆக்ஸிலேட்டரில் வைத்து மிதித்தாள். உடனே முகத்தில் அனல் அடித்தது.

“சூடா வருதா?” என்று கேட்டார்.

“வருது.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தும்மல் இல்லை, ஒரு இருமல் இல்லை. அவ்வளவு சுத்தமாக அந்த வண்டி ஒரு நாளும் ஓடியதில்லை.

“வருதா?”

“வருதுங்க. நல்லா சூடா வருது.”

அடிவிளிம்புக்குக் கீழே அவருடைய கைகள் தெரிந்தன. குழாயைப் பிசையவில்லை, மூடியைத் திறக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தன. அந்தக் கைகள் சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை. 

“சூடா வருதா?” என்று மூன்றாவது தடவை கேட்டார். குரல் உடைந்திருந்தது.

அவளுக்குக் காலும் வலித்தது, கண்ணும் எரிந்தது. அவர் கேட்கும்போதெல்லாம் அவள் பதில் சொன்னாள்.